ஹாலில் நிறுத்திய கூடாரம்

துருக்கியின் மத்தியதரைக் கடற்கரையில் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்குவதென்று கிளிட்டஸும் மனைவி லீமாவும் முடிவு செய்திருந்தார்கள். புதுக் கூடாரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க, வளைகுடாவில் அவர்கள் குடியிருந்த ஃபர்வானியா ஃப்ளாட்டின் ஹாலிலேயே அதை நிறுத்தி, வலை வாசலின் ஜிப்பையும் இழுத்து மூடினார்கள்.

அப்போது ஊரிலிருந்து கிளிட்டஸின் அம்மா வீடியோ காலில் வந்தாள். கடலுக்குப் போன தம்பி ரெனீஷ் திரும்பி வராமல் ஒரு வருடம் ஆகப்போகிறது. சர்ச்சில் அவனுக்கான ஆண்டுப் பூசை அதே வாரத்தில்தான்.

"லீவு கெடைச்சுதா மக்கா?"

"இல்லம்மா. கம்பெனில தரமாட்டேங்கான்."

சொல்லும்போதே கிளிட்டஸுக்குக் காது சூடானது. லீமா தலை குனிந்துகொண்டாள். அவன் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பப்போனான். அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள்.

"அது என்னது, ஆரஞ்சு நெறத்துல?"

"கொசுவலம்மா."

அம்மா திரையருகே முகத்தைக் கொண்டுவந்தாள். "உள்ள ரெனீஷுல்லா படுத்திருக்கான். ஒங்கூடயா இருக்கான்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

கிளிட்டஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பம் பூச வேண்டாம். நான் சாமியாருட்ட சொல்லிருதேன். நீயும் லீவுக்காக யாருகிட்டயும் கெஞ்ச வேண்டாம் மக்கா." ஒரு வருடத்தில் முதல் முறையாக அம்மா சிரித்தாள்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஜிப்புக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து டைல்ஸில் பரவிக்கொண்டிருந்தது. லீமா படுக்கையறைக்குப் போய் உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்து அதைக் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.