ராகு காலத்தில் நின்ற கார்

அந்தத் தாளில் இருந்தது அவளுடைய கையெழுத்துத்தான்.

நீதிபதி அம்மா அதைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"கார் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. யாரு வந்து சரி பண்ணினாங்கன்னு கேக்கறாங்கம்மா."

யாரும் வரவில்லை. கார் பழுதாகவே இல்லை.



எல்லாம் மகன் துவாரகன் பார்த்த வேலை. கார் பார்க் கம்பனி வழக்குப் போட்டு லண்டன் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்த அன்று அவன்தான் பதில் எழுதினான். "ராகு காலம் எண்டு எழுதினா விழுந்து விழுந்து சிரிப்பாங்களம்மா. கார் பழுது எண்டு போடுறன். சைன் வையுங்கோ."

வைத்தாள். இங்கே படித்த பிள்ளை சொன்னால் வைக்காமல் என்ன செய்வாள்!

நடந்தது இவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை. அவனுடைய கல்யாணத்துக்குப் பொன்னுருக்குச் சடங்கு. தாலிக்கு உருக்க வேண்டிய பவுன் காசை நகைக்கடையில் வாங்கிக்கொண்டு அவள் காருக்குத் திரும்பினாள். மணி பத்து நாற்பது. ராகு காலம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

தாலிப் பொன்னோடு ராகு காலத்தில் வெளிக்கிடுவதா? எந்தத் தாய்க்கு மனம் வரும்?

காசை மடியில் வைத்துக்கொண்டு, முருகா முருகா என்று பன்னிரண்டு மணி வரைக்கும் காருக்குள்ளேயே இருந்தாள். அந்தக் கார் பார்க்கில் ஒரு மணி நேரந்தான் நிற்கலாம். அங்கிருந்த கேமராவுக்கு ராகு காலம் எங்கே தெரியப்போகிறது!

காசு கட்டச் சொன்னால் துவாரகன் கட்டிவிடுவான். அவள் அதற்குப் பயப்படவில்லை.

இது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய பயம்.

அப்போது அகதி வழக்கு. இதே மாதிரி அறை. இதே மாதிரி ஒரு மேசை, அதில் தண்ணீர்க் குவளை. கொழும்பிலிருந்து நேரே வந்ததாகச் சொல்லச் சொல்லி ஏஜென்ட் சொல்லியிருந்தான். சொன்னாள். வழியில் மொஸ்கோவில் ஆறு வாரம் நின்றது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த ஒரு பொய்தான்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவர்கள் எடுக்கவில்லை. ஊரில் ஆமிக்காரர் தம்பியை வீட்டுப் படியிலிருந்து இழுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். தான் பின்னால் ஓடியதையும் காலில் விழுந்ததையும் சொன்னாள். அழுதழுது சொன்னாள்.

முடிவு கடிதமாக வந்தது. இவர் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. தம்பி பற்றிய சம்பவம் நடந்ததாக ஏற்க முடியாது.

நடக்கவில்லையாம்!

விசா பிறகு வேறு வழியில் கிடைத்தது. அந்த வரியை மட்டும் யாரும் வந்து அழிக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு பொய், அவளுடைய கையெழுத்தோடு, ஒரு நீதிபதியின் கையில்.

பின்னாலிருந்த துவாரகனைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது மெக்கானிக் வந்தான் என்று சொல்லுங்கோ என்பதுபோல் அவன் கண்ணைக் காட்டினான்.

மேசைக்குக் கீழே சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெயர் சொன்னால் போதும். அடுத்து அந்த மெக்கானிக்கின் விலாசம் கேட்பார்கள். அடுத்து ரசீது கேட்பார்கள். அவளுக்கு அந்தப் பாதை தெரியும்.

"கார் பழுதாகேல்லை," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

"அதில எழுதியிருக்கிறது பொய். சைன் வைச்சது நான்தான். தாலிக் காசு கையில இருந்தது, ராகு காலம், அதாலதான் கார் எடுக்கேல்லை. அப்பிடியே சொல்லுங்கோ பிள்ளை. ஒண்டும் மாத்தாதேங்கோ."

சொன்னார். ராகு காலத்தை ஆங்கிலத்தில் விளக்க அந்தப் பெண் படாத பாடு பட்டார். துவாரகன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கம்பனியின் சட்டத்தரணி குனிந்து சிரிப்பை அடக்கியதை அவள் கண்டாள்.

நீதிபதி சிரிக்கவில்லை. எழுதினார்.

எழுதிக்கொண்டே இருந்தார்.

ஐயோ, இவ்வளவு என்னத்தை எழுதுகிறார்? பொய்க்குக் கையெழுத்து வைத்ததற்கு சிறையில் போடுவார்களோ? கல்யாணமாகி ஆறு மாதங்கூட ஆகவில்லை, மருமகள் என்ன நினைப்பாள்?

பேனாவை வைத்துவிட்டு நீதிபதி பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டது பெரிய தப்புன்னு சொல்றாங்க. இனிமே இப்படிச் செய்யவே கூடாதாம். எதுக்காக நின்னாலும், கூடுதல் நேரம் நின்னது நின்னதுதானாம். நீங்க பணம் கட்டணும்மா."

அவள் தலையாட்டினாள்.

"ஆனா இப்ப நீங்க சொன்னது அத்தனையும் உண்மைன்னு நம்புறாங்களாம்."

"என்ன சொன்னவா?"

"நீங்க சொன்னதை நம்புறேன்னு சொன்னாங்கம்மா."

சட்டத்தரணி கோப்புகளைக் கட்டினார். துவாரகன் வந்து தோளைத் தொட்டான். "வாங்கோம்மா, போவம். தோத்தாலும் பரவாயில்லை."

அவள் எழும்பவில்லை.

இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று நீதிபதி அவளைப் பார்த்தார். பணம் கட்டத் தவணை கேட்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

அவள் மொழிபெயர்ப்பாளரின் பக்கம் சாய்ந்தாள்.

"கடைசியாச் சொன்னவா எல்லோ, என்னை நம்புறன் எண்டு. அதை எழுத்தில தருவாவோ எண்டு கேளுங்கோ பிள்ளை."