சாட்சிக் கண்ணாடி

“விரிசல் இருக்கிறது பெரிய விஷயமில்ல. அது தூங்குதா, முழிச்சிருக்கான்னு தெரியணும். அதுக்குத்தான் இந்தச் சாட்சி.”

இன்ஜினியரம்மா விரல் நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளிலும் வெள்ளைச் சாந்து அப்பினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நின்ற பழைய சுவர் அது. விரிசல் உத்தரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை கோணலாக இறங்கியிருந்தது.

கண்ணாடிக்கு வளையவும் தெரியாது, இழுபடவும் தெரியாது என்று அவர் நிதானமாக விளக்கினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். இரண்டு வாரம் உடையாமல் இருந்தால், விரிசல் என்றோ ஆறிப்போன காயம். சுவரில் அகலமாக வழி திறந்து, மேலே இரும்பு உத்தரம் கொடுத்து, வீட்டை அதன் அழகு கெடாமல் காப்பாற்றலாம். உடைந்தால் அடித்தளம் இறங்குகிறது என்று அர்த்தம். மரக்கூரையின் பாரம் முழுக்க இந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டையே இடிக்க வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். கணவன்தான் சாந்தை எப்படிக் குழைப்பது, எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மாடியிலும் விரிசல்கள் இருந்ததால், மிச்சத் துண்டுகளையும் சாந்துப் பொட்டலத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போனார் இன்ஜினியரம்மா.

அந்த வீட்டின்மேல் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். பழைய கதவுகளில் ஏழு பூச்சுப் பச்சைப் பெயிண்டை மூன்று மாதம் சுரண்டி, உள்ளே இருந்த தேக்கைக் கண்டுபிடித்தவன். “கதவுக்குத் தடவுற எண்ணெய்ல கால்வாசி எனக்குத் தடவியிருந்தா என் முட்டிவலி போயிருக்கும்” என்பாள் மனைவி. ஆனால், கண்ணாடி ஒட்டிய நாளிலிருந்து அவள் கேலி பேசவில்லை. அண்ணன் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, போய்விடலாம் என்று கெஞ்சினாள்.

“அந்தத் தீப்பெட்டிக்குள்ள என்னால இருக்க முடியாது.”

“தீப்பெட்டி தலைமேல விழாதுல்ல?”

அவன் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

நான்காம் நாள் காலை, பல்கூடத் தேய்க்காமல் அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

கணவன் தினமும் விடியும்போதே எழுந்துவிடுவான். முன்சுவரின் புதுச் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஈரம் காட்ட வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் அது பொடிந்துவிடும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவன் உள்ளே வந்தான்.

“பாத்தியா? முழுசா இருக்கு” என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

அதன்பிறகு அவள் கூடத்தில் தனியாக இருக்கப் பயந்தாள். அவனும் மாறிப்போனான். சுவரோரம் கிடந்த மகளின் கட்டிலை, தூசி ஆகாது என்று சொல்லி முன்னறைக்கு இழுத்துப் போட்டான். தெருவில் லாரி போனால், வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. இருவரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் காலையிலும் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இந்த வீட்டுல ஏதோ இருக்கு.”

“எலி இருக்கு” என்றான் அவன், சிரிக்காமல்.

பதினான்காம் நாள் இன்ஜினியரம்மா கொத்தனாரோடு வந்தார். கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்தார். சாட்சி சுத்தமாக இருக்கிறது, வழி திறக்கலாம் என்று கைகாட்டினார். கொத்தனார் சுவரில் ஏணியைச் சாத்தி, உளியும் சுத்தியலுமாக ஏறினார்.

“வேண்டாம்மா” என்றாள் மனைவி. “அந்தக் கண்ணாடிய நான் உடைச்சேன். கரண்டிக் காம்பால தட்டி உடைச்சேன். உடைஞ்சா காலி பண்ணிடுவோம்னு நெனச்சேன். படுக்கப் போறப்ப உடைச்சா, விடிஞ்சதும் முழுசா இருக்கு. மறுபடி உடைச்சேன், மறுபடியும் முழுசா இருக்கு. இது மனுஷங்க குடியிருக்கிற வீடே இல்லம்மா.”

கணவன் தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

“நீயா? அடிப்பாவி, சுவர்தான் உடைக்குதுன்னு நான் செத்துப் பொழைச்சேன். விடியக்காலைல புதுத் துண்டு எடுத்து ஒட்டினது பேய் இல்ல, நான்தான்.”

இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவள் முழுசாக மூச்சு விட்டாள். அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். அவளும் சிரித்தாள்.

“அப்போ சுவர்மேல தப்பில்ல, புருஷன் பொண்டாட்டி மேலதான் தப்பு” என்று ஏணியிலிருந்தபடியே சொன்ன கொத்தனார், உளியை விரிசலருகே ஊன்றிச் சுத்தியலை ஓங்கினார்.

இன்ஜினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கொஞ்சம் நில்லுங்க” என்று அவரைத் தடுத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். “நீங்க மொத்தம் எத்தனை தடவைம்மா உடைச்சீங்க?”

“ரெண்டே தடவைதான்.”

கணவனின் சிரிப்பு நின்றது. எழுந்து, அவள் கையைப் பற்றிச் சுவரிடமிருந்து பின்னால் இழுத்தான்.

“நான் நாலு தடவை மாத்தினேன்.”