எபினேசரின் கிளாரினெட்

மதராஸிலிருந்து வந்திருந்த புது வாத்தியார் சாலமோனுக்கு, தங்கவயல் பாண்டு பள்ளியின் விடுதிப் பையன்களை மிகவும் பிடித்துப்போனது. காலைக் கஞ்சி குடிக்கும்போதுகூட வாத்தியத்தை மடியிலிருந்து இறக்க மாட்டார்கள். சங்கீதத்தின்மேல் அத்தனை பக்தி என்று நினைத்தார்.

"எபினேசர், கிளாரினெட்டைக் கொடுப்பா" என்றார் ஒரு நாள் கஞ்சி வேளையில்.

கூடத்தில் எல்லோரும் கஞ்சி குடிப்பதை நிறுத்தினார்கள். எபினேசர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கிளாரினெட்டைக் கொடுத்தான்.

"எந்த ஷாஃப்டுல, ஐயா?"

சாலமோனுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஜெயகரன் மெதுவாகச் சொன்னான்.

"தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுல எறங்குனவங்க யாருனா செத்துட்டா அடக்கத்துக்கு நம்ம பாண்டுதான் வாசிக்கும், ஐயா. செத்தவரோட புள்ள மட்டும் வாசிக்கக் கூடாது. வார்டன் ஐயா காலைல வந்து மொதல்ல அவன் வாத்தியத்த வாங்கிக்குவாரு. அப்பறம்தான் சேதி சொல்லுவாரு."

சாலமோன் பதறிப்போனார்.

"அதெல்லாம் இல்லப்பா. நேத்து வாசிக்கும்போது பிசிறடிச்சுதே, அதைச் சரிபண்ணத்தான் கேட்டேன்."

எபினேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா ஐயா, பயந்தே பூட்டேன்" என்று கஞ்சியை மறுபடி கையில் எடுத்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அப்போது வார்டன் உள்ளே வந்தார். சாலமோன் கையிலிருந்த கிளாரினெட்டைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்களே வாங்கிட்டீங்களா?" என்றார் தாழ்ந்த குரலில். "சேதிய நான் சொல்லிக்கிறேன்."