சொருகாத பென்டிரைவ்

டெஸ்க்டாப்பில் டிரைவ் ஐகான்களை அடுக்கி வைப்பவர்கள் இன்னும் நாகரிகம் அடையாதவர்கள். என் லினக்ஸ் கணினியில், செருகும் எந்த டிரைவும் திரையில் தெரியாதபடி அமைத்திருந்தேன். அக்கா தமயந்தியின் திரையைச் சந்தைக்கடை என்பேன்.

புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய காலையில் கோப்பைத் தவறி அழித்துவிட்டேன். நகல் இருந்த பென்டிரைவ், ஆடிக் கிருத்திகையன்று அதைச் சட்டைப்பையில் வைத்தபடியே சரவணப் பொய்கைக் குளத்தில் முங்கியபோது தண்ணீரோடு போய்விட்டது.

வெற்றுத் திரையில், தொலைந்த அந்தப் பென்டிரைவின் ஐகான் வந்தது.

"டேய், ஒண்ணுமே சொருவல. எப்பிடிரா தெரியுது?" என்றாள் அக்கா.

"கேள்வி கேக்காதக்கா. காப்பி ஆயிகினு கீது."

முடிந்ததும், 'இனி பாதுகாப்பாக எடுக்கலாம்' என்று செய்தி வந்தது. ஐகான் போய்விட்டது. நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை.

அக்கா நகர்ந்ததும், டிரைவ்களைத் திரையில் காட்டும் அமைப்பைச் சத்தமில்லாமல் இயக்கினேன். மறுபடி வந்தால் உட்கார இடம் இருக்கட்டும்.