ஏழாம் நம்பர் ஜாடி

"அந்த ஜாடியைக் கீழ வை, வெண்டல்."

குரலைக் கேட்டதும் வெண்டலின் இரண்டு கைகளும் ஜாடியோடு சேர்ந்து மேலே போயின. கலிபோர்னியாவில் கஞ்சா வளர்ப்பது குற்றமில்லை என்றாகி வருஷங்கள் ஓடிவிட்டன. கைகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

பின்னால் நின்றவர் கிளேட்டன், ஓய்வுபெற்ற ஷெரிஃப். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் வெண்டலின் மலைத்தோட்டத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தவர்.

"நான் இங்க நடுவர், ஷெரிஃப் சார். மோந்து பாக்குறதுதான் என் வேலை. இதுக்கும் உள்ள தள்ளுவீங்களா?"

"அஞ்சு நிமிஷமா ஒரே ஜாடியை மோந்துக்கிட்டு இருக்க. மூடியைப் போடு, வாசம் போயிடும்."

ஹம்போல்ட் மாவட்ட அறுவடை விழாவின் கஞ்சாப் போட்டியில் ஜாடிக்கு நம்பர் மட்டும்தான். வளர்த்தவர் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறைகளுக்குக் காவல் ஜாய்ஸ்.

"ஏழாம் நம்பரா? ஆய்வகத் தாள்ல போதை தர்ற டி.ஹெச்.சி. பதினாலு சதவீதம்தான் வருது. மத்ததெல்லாம் முப்பதைத் தொடுது வெண்டல்" என்றாள் ஜாய்ஸ்.

"தலை சுத்தணும்னா அந்த முப்பதைக் குடு. தூக்கம் வேணும்னா மூக்கைக் கேளு. இந்த வாசத்துக்கு டெர்பீன்னு இப்பதான் பேரு வச்சிருக்கீங்க. எலுமிச்சைத் தோலு, நனைஞ்ச பைன் மரம், கடைசியில கொஞ்சம் மிளகு..." வெண்டல் இன்னொரு முறை முகர்ந்தார். "ஜாய்ஸ், இது என் செடி."

அவர் மனைவி அர்லீனுக்குக் கால் நரம்பில் வலி. வெண்டலே கலந்து உருவாக்கிய அந்த ஒரு ரகத்தில்தான் அவள் விடியும்வரை தூங்கினாள். அதை எரித்த பிறகு இருநூறு ரகம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுக் கொட்டக்கொட்ட விழித்திருப்பாள்.

அந்த வழக்கில் இருந்தது ஒரே தகராறு. பத்தொன்பது செடி எரித்ததாக கிளேட்டன் எழுதியிருந்தார். "இருபது, கனம் நீதிபதி அவர்களே" என்று வெண்டல் எழுந்து திருத்தினார். தன் குற்றத்தைத் தானே கூட்டிச் சொன்ன ஒரே கைதி. ஷெரிஃபுக்கு எண்ணத் தெரியாது என்று ஊரே சிரித்தது.

"முதல் பரிசு ஏழுக்குத்தான். உறையைப் பிரி ஜாய்ஸ். எவன் எப்படித் திருடியிருந்தாலும் சரி, கால்ல விழுந்தாவது ஒரு கிளை வாங்கிட்டுத்தான் போவேன். அர்லீன் தூங்கணும்."

ஜாய்ஸ் உறையைப் பிரித்துப் படித்தாள். திருப்பி ஒருமுறை படித்தாள். பிறகு நிமிர்ந்து கிளேட்டனைப் பார்த்தாள்.

கிளேட்டன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"கால்ல மட்டும் விழாத, எனக்கு முட்டி வலி. அதுக்காகத்தான் வருஷா வருஷம் கிளை ஒடிச்சு நட்டு வச்சிக்கிட்டு வரேன். வண்டியில ஒரு தொட்டி இருக்கு, அர்லீனுக்கு."

வெண்டல் ஜாடியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு கோர்ட்ல நீ சொன்ன கணக்குதான்டா சரி."