சாக்பீஸில் ஒரு பெயர்

கல்லூரிக் கால்பந்து அணி தோற்கத் தோற்கப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மைதானத்துச் சுவரில் அவர்கள் பெயரைப் பெயின்டால் எழுதுவதும் அழிப்பதுமாக அலுத்துப்போன அட்டெண்டர் பாக்கியநாதன், புதிதாக வந்த ஜெரோமின் பெயரைச் சாக்பீஸால் எழுதினார்.

"பெயின்ட் அடிக்கலையாண்ணே?" என்று கேட்டார் ஜெரோம்.

"ஒரு மேட்ச் ஜெயிங்க சார், அடிச்சிடலாம்."

முதல் ஆட்டம் முடியும் தறுவாயில், இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது, மழை பிடித்துக்கொண்டது. ஜெரோம் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுவரை நோக்கி ஓடினார். இரண்டு உள்ளங்கைகளாலும் பெயரைப் பொத்திக்கொண்டார்.

"சார், யாரை இறக்கணும் சார்?" பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விரலிடுக்கில் தண்ணீர் வெள்ளையாக வழிந்தது. முதுகுக்குப் பின்னால் 'கோல்' என்று ஒரு கூச்சல். யார் போட்டதென்று திரும்பிப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை, கையை எடுத்துப் பார்க்கவும்.