பகலில் ஒரு மிடறு

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்குப் பின் வந்த முதல் நோன்பு மாதம்; பிற்பகல் அஸர் பாங்குக்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது. காஜா பெராங் வட்டாரத்தில் தன் மசாலாக் கடையின் பின்னறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கிறார் முகைதீன். பலகை இடுக்கு வழியாக வரும் வெயில் மல்லி மூட்டையின் மேல் ஒரு கோடாகக் கிடக்கிறது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று டாக்டர் சொன்னதும், நோன்பு கூடாது, மாத்திரையோடு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவி நஜ்முன்னிசாவோடு விடியுமுன் சஹருக்கு எழுந்து சாப்பிட்டு, நோன்பாளி போலவே கடைக்கு வருகிறார். அந்த மாத்திரையால் மார்பு பெண்களுடையதைப் போல வீங்கிவிட்டது. பனியன் உரசினாலே வலிக்கிறது. அதை எந்த வாயால் சொல்வது? வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போகிறார்கள். தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, தொண்டைச் சத்தம் கேட்காதபடி சிறிது சிறிதாக விழுங்குகிறார். கதவு மெல்லத் தட்டப்படுகிறது. குவளையை மூட்டைக்குப் பின்னால் வைக்கிறார்.

"திறக்க வேணாம் மச்சான்," என்கிறாள் நஜ்முன்னிசா. நோன்பில் வறண்ட குரல். "ஆற வச்ச பார்லித் தண்ணி படியில இருக்கு, நான் போனதும் எடுத்துக் குடிங்க. ஒரு மாசமா எனக்கு முதுகைக் காட்டித்தானே சட்டை மாத்துறீங்க... நான் என்ன வேத்தாளா?"